பழகுனது போதும்

பள்ளி திறந்த முதல் நாளே அல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷபானாவின் பிடரியைத் தடவி அணைக்கும் பொத்தானைத் தேடினாள். ஷபானா வீறிட்டு அழுதாள். ஆசிரியை ஆச்சரியப்படவில்லை. காலையிலிருந்து வகுப்பில் அது பதினேழாவது பிடரி.

பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? செவ்வாயின் புதுக்கடலூர்க் குடியேற்றத்தில் புழுதிக்காய்ச்சல் பரவி, ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு துணைப்பொறி என்று வளர்ந்தார்கள். துணைப்பொறி பாடம் நடத்தும், விளையாட்டில் தோற்றுக்கொடுக்கும். சலித்தால் பிடரிப் பொத்தானை அழுத்தி அணைத்துவிடலாம். பதினோரு வயது அல்லிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, காத்திருக்கத் தெரியாது, அழுதால் எதற்கென்று சொல்லவும் தெரியாது.

"எம்புள்ள கல்லாட்டம் ஆயிட்டா டாக்டர். ஒருத்தரோட பழகினாப் போதும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு," என்று அவள் அம்மா பூங்கோதை மருத்துவரிடம் புலம்பாத வாரமில்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள், அல்லி முகம் வீங்கி வந்து நின்றாள்.

"ஷபானா எங்கூடக் காய் விட்டுட்டாம்மா. சுண்டுவிரலைக் காட்டிட்டுப் போயிட்டா. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "ரெண்டு விரலை நீட்டிப் பழம் விடுடி. சரியாப்போகும்."

சரியாகத்தான் போனது. அதன்பிறகு வீட்டில் ஓயாமல் ஷபானா பேச்சுதான். துணைப்பொறி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. பார்க்கப் பார்க்கப் பெற்றவளுக்கு வயிறு குளிர்ந்தது.

எல்லாம் அரையாண்டு அறிக்கை வரும்வரைதான். பழகுதல்: மிக நன்று. கணக்கு: அறுபத்திரண்டு. துணைப்பொறியிடம் படித்த காலத்தில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

"பள்ளிக்கூடம் எதுக்குடி போறே? படிக்கவா, அரட்டையடிக்கவா? இனி அந்தப் பொண்ணோட பேசக்கூடாது."

"நீதானேம்மா பழகச் சொன்னே?"

"பழகுனது போதும்."

மகளைத் தனியே உட்காரவைக்கும்படி அன்றே மனு அனுப்பினாள். தலைமையாசிரியர் பதில் எழுதினார்: இதே மனு ஏற்கெனவே நாற்பது வீடுகளிலிருந்து வந்துவிட்டது, முதலில் வந்தது ஷபானா வீட்டு மனு.

திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு துணைப்பொறி. பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. பெற்றோர் சங்கம் பள்ளிக்கு நன்றி சொல்லி லட்டு கொடுத்தது.