வீட்டுக்கு வரும் உடுப்பு

காப்பிக்குத் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ரன்வெய் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. ஐந்தாவது மாதம்.

"அத்தை, அந்தச் சின்ன ரூம் எனக்கு வேணும். ஈஸ்டருக்குள்ள காலி பண்ணிக் குடுங்க."

ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த குன்வோர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரிம்மா. எடுத்துடறேன்."

"எடுத்துடறேன்னா, கீழ கொண்டுவந்து கூடத்துல அடுக்கறது இல்ல. வீட்லயே இருக்கக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு... இந்தக் குழந்தைக்கு யாரும் எதையும் பின்ன வேண்டாம். இப்பவே சொல்லிடறேன்."

மேஜையில் உட்கார்ந்து ரொட்டிமேல் பழுப்பு சீஸைச் சீவி வைத்துக்கொண்டிருந்த ஷெட்டில், நிமிர்ந்து அம்மாவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த எய்லிஃப் மட்டும் தாளைச் சற்றுத் தாழ்த்தி மகனைப் பார்த்தார். பிறகு மறுபடி தாளை உயர்த்திக்கொண்டார்.

"நான் பின்னலம்மா" என்றாள் குன்வோர். "நீ கவலைப்படாதே."

ரன்வெய் காப்பி எடுத்துக்கொள்ளாமலே மாடிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சின்ன அறை நிறையக் கம்பளி நூல். படகுத்துறைப் பக்கம் இருந்த நூல் கடையை மூடியபோது பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு வந்தது ஒரு அலமாரி நிறைய. ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய அரை உருண்டைகளும் கால் உருண்டைகளும் பெட்டி பெட்டியாக. யாருக்கு என்று நினைத்து வாங்கினோம் என்பதே மறந்துபோன நூல்கூட இருந்தது. பின்னுகிற பெண்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் எல்லார் வீட்டிலும் அந்த நூலைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும் மருமகள் இல்லை.

ரன்வெய் வந்த நாளிலிருந்தே அப்படி இருந்தவள் அல்ல. கல்யாணமான புதிதில், "அத்தை, எனக்கும் ஒரு ஸ்வெட்டர், நீலத்துல, கழுத்துகிட்ட வெள்ளைப் பூ வெச்சு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவள். எல்லாம் மாறியது அவளுடைய முதல் பிரசவத்தில்.

அந்த ஊர் வழக்கப்படி, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது கையால் பின்னிய உடுப்பு போட்டுத்தான் அழைத்து வருவார்கள். குல்லா, சட்டை, கால்சட்டை, காலுறை. குன்வோர் தன் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பின்னினாள். வெண்ணெய் மஞ்சளில், ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன இலை. ஷெட்டிலும் அவன் தங்கை சிக்னேவும் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். ரன்வெய்யின் குழந்தைக்கும் அவள் பின்னினாள். கழுவி, துண்டின் மேல் விரித்து, வடிவம் கலையாமல் குண்டூசி குத்திக் காயவைத்திருந்ததை ரன்வெய் பார்த்துவிட்டாள்.

"பிறக்கறதுக்கு முன்னாடி எதுவும் செஞ்சு வெக்கக் கூடாது அத்தை. எங்க பக்கத்துல ஆகாதும்பாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போ" என்று குன்வோர் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. ரன்வெய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல், அவளைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகி, சில நாட்கள் நினைவே இல்லாமல் கிடந்தாள். கண் விழித்ததும் குழந்தையைப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பார்க்க வேண்டும் என்று தோன்றியபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். ஆல்மா என்று பேர் வைத்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் புதைத்தார்கள்.

அதற்கடுத்த வசந்தத்தில் சிக்னேவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது தொட்டிலில் கிடந்த குழந்தையை ரன்வெய் குனிந்து பார்த்தாள். வெண்ணெய் மஞ்சள் குல்லா. மஞ்சள் சட்டை. ஓரமெல்லாம் இலை. அவள் எதுவும் கேட்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் பின்னிய எதையும் அவள் தொடுவதில்லை. நீல ஸ்வெட்டர் மாடிப்படியின் கீழ்ப்படியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. குன்வோர் அதை எடுத்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். என்னவென்று அவளும் கேட்கவில்லை.

இப்போது அறை காலியாக வேண்டும். தூக்கிப்போட குன்வோருக்கு மனம் வரவில்லை.

"புதுசா ஒரு உருண்டை வாங்க மாட்டேன். இருக்கறதைப் பின்னியே தீர்த்துடறேன்" என்றாள் கணவரிடம்.

"ஈஸ்டருக்குள்ளயா? உனக்கு எட்டுக் கை வேணும் குன்வோர்."

"ரெண்டு போதும். நீ பாத்திரம் கழுவிக் குடு."

எய்லிஃப் பாத்திரம் கழுவினார். குன்வோர் பின்னினாள். தடிமனான நூலெல்லாம் மாலுமிகள் சங்கம் நிதி திரட்ட நடத்தும் சந்தைக்குப் போர்வையாயிற்று. சாம்பல் நிறமெல்லாம் மீன்பிடிப் படகுக்காரர்களுக்குக் கையுறை. மிச்சம் மீதியையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்து எய்லிஃபுக்கு ஒரு குல்லா பின்னினாள். அதில் எத்தனை நிறம் என்று அவளுக்கே தெரியாது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்ன எய்லிஃப், கொடிக்கம்பத்துலேர்ந்து திருடினியா?" என்று கேட்டார்கள் அங்கே.

"பொண்டாட்டி ரூம் காலி பண்றா. ஜாக்கிரதையா இருங்க, அடுத்தது உங்க தலைதான்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட ஒரு சட்டை கிடைத்தது. அலமாரியில் ஒவ்வொரு தட்டாகக் காலியாயிற்று. ரன்வெய் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்ப்பாள். அவள் வயிறும் மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. எய்லிஃப் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டில் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குன்வோர் கடைசிப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து மேஜை ஓரம் வைத்துவிட்டு, ஜாம் எடுக்க நிலவறைக்குப் போயிருந்தாள். அவள் படியேறித் திரும்பி வந்தபோது ரன்வெய் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு உருண்டை. வெண்ணெய் மஞ்சள்.

"இது எதுக்கு மிச்சம் வெச்சிருக்கீங்க?"

குன்வோர் ஜாம் புட்டியை மேஜையில் வைத்தாள்.

"சும்மா இருந்ததும்மா. சந்தைக்குக் குடுத்துடலாம்னு..."

"எதுக்கு சந்தைக்கு? சிக்னே அடுத்ததும் பெத்துக்குவா. அதுக்கும் பின்னிக் குடுங்க." ரன்வெய்யின் குரல் உயரவில்லை. "செத்த குழந்தைக்குப் பின்னினதை எடுத்து இன்னொரு குழந்தைக்குப் போட்டு அழகு பாத்தவங்கதானே நீங்க. ஒரு வருஷம்கூட ஆகல. வீணாப் போகக் கூடாதுன்னு நினைச்சிருப்பீங்க... நூல்னா உங்களுக்கு உசுராச்சே. நான் அந்தத் தொட்டில்கிட்ட நின்னேன் அத்தை. என் பொண்ணோட உடுப்பை இன்னொரு பிள்ளை மேல பாத்துட்டு நின்னேன். உங்களுக்கு என்னைக்காவது உறுத்திச்சா?"

இத்தனை காலமும் மருமகளின் கோபம் எதற்கென்று குன்வோர் ஒரு கணக்கு வைத்திருந்தாள். சகுனம் பார்க்காமல் பின்னியதற்கு என்று. இது அவள் நினைத்தே பார்க்காதது.

"அப்படி இல்லம்மா..." என்றாள். மகனைப் பார்த்தாள். ஷெட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எப்படி? சொல்லுங்க. அந்த உடுப்பு எங்க?"

"என்னை மன்னிச்சுடு ரன்வெய். வேற ஒண்ணும் என்னால சொல்ல முடியாது."

எய்லிஃப் வாஃபிள் சுடும் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"ஷெட்டில், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"எய்லிஃப், வேண்டாம்" என்றாள் குன்வோர். "நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீதான் குடுத்தே. நான் குடுக்கல. உன் முகத்துக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இதுக்கு மேல முடியாது." அவர் மகன் பக்கம் திரும்பினார். "டேய், உங்க அம்மா திருடி மாதிரி நிக்கறா. நீ தின்னுட்டு உக்காந்திருக்கே."

ஷெட்டில் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"அந்த உடுப்பு ஆல்மாகிட்டதான் இருக்கு" என்றான்.

ரன்வெய்க்குப் புரியவில்லை. "என்ன?"

"அவ அதைத்தான் போட்டிருக்கா. அம்மாதான் கொண்டுவந்தாங்க. நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி உடுப்புல அவளைப் பாக்க முடியல என்னால... எனக்குப் போட்டுவிடத் தெரியல. அம்மாதான் போட்டுவிட்டாங்க. அப்புறம் நீ கண்ணு முழிச்சே. முழிச்ச உடனே, உங்க அம்மா முன்னாடியே பின்னி வெச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு சொன்னே. அவங்க கையால செஞ்சது எதுவும் என் பொண்ணு மேல படக் கூடாதுன்னு சொன்னே. அப்ப அவ அதைப் போட்டுக்கிட்டுதான் படுத்திருந்தா. நான் எப்படிச் சொல்வேன்... ஆஸ்பத்திரி உடுப்புன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட, சொல்லிடாதீங்க, அவ தாங்க மாட்டான்னு கெஞ்சினேன். சிக்னே குழந்தைக்குப் பின்னினது வேற. அவதான் பிடிவாதமா அதே மாதிரி வேணும்னு கேட்டா. நீ என்ன நினைச்சேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. கோபமா இருக்கேன்னு மட்டும் தெரியும். கேக்கப் பயமா இருந்திச்சு."

ரன்வெய் மஞ்சள் உருண்டைகளைப் பெட்டியில் வைத்தாள். மேஜையில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். கணவனை வெகுநேரம் பார்த்தாள்.

"உன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்றாள். "இப்ப வேண்டாம். இப்பப் பேசினா எதையாவது சொல்லிடுவேன்."

அவன் தலையாட்டினான். எய்லிஃப் மகனின் தோளைத் தொட்டு, "வா, விறகு அடுக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடிய பிறகு சமையலறையில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

"அத்தை... நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல."

"நீ மயக்கத்துல இருந்தேம்மா. ஞாபகம் இருக்காது."

"இத்தனை வருஷம் உங்களை என்ன பாடு படுத்திட்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியே நீங்க."

"சொன்னா உனக்கு வலிக்கும்னு அவன் சொன்னான். உன் கோபத்தை நான் தாங்கிக்கலாம். அந்த வலியை நீ தாங்குவியான்னு எனக்குத் தெரியல." குன்வோர் மேஜையிலிருந்த ஜாம் புட்டியை நகர்த்தி வைத்தாள். "சொல்லிருக்கணும். இப்பத் தோணுது. உன்னைக் கேக்காம உனக்கு எது வலிக்கும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அது தப்புதான்."

ரன்வெய் மேஜை விரிப்பில் ஒரு மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். நீவி முடித்து, தலை தூக்காமல் கேட்டாள்:

"நீங்க அவளைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"எப்படி இருந்தா?"

குன்வோர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இந்தக் கேள்விக்காக எத்தனை காலமாகக் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"நல்ல கனம். நான் எதிர்பாக்காத கனம். தலை நிறைய முடி, கறுப்பு, உன்னை மாதிரியே நெத்தியில ஒரு சுழி. விரல் நீளம் நீளமா இருந்திச்சு. நகம் வளர்ந்திருந்திச்சு. இடது காது கொஞ்சம் மடிஞ்சிருந்திச்சு, உள்ளே அந்தப் பக்கமா படுத்திருந்திருப்பா. மேலுதடு ஷெட்டிலோடது. மூக்கு யாரோடதுன்னு தெரியல, அவளோடதேதான்னு வெச்சுக்குவோம்."

ரன்வெய்யின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"குல்லா பெரிசா இருந்திச்சு. ஓரத்தை ஒரு சுத்து மடிச்சு விட்டேன். சட்டை சரியா இருந்திச்சு. கையை உள்ள விடறப்ப, நோகுமோன்னு மெதுவா விட்டேன். பழக்கம்... அப்புறம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நர்ஸ் வந்து கேக்கற வரைக்கும் குடுக்கல."

"பேசினீங்களா அவகிட்ட?"

"பேசினேன். உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அவளால வர முடியல, அதான் நான் வந்தேன்னு சொன்னேன்."

ரன்வெய் அப்படியே சாய்ந்து மாமியாரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். குன்வோர் அவளை இரண்டு கைகளாலும் சேர்த்து அணைத்தாள். நடுவில் அந்த வயிறு இருந்ததால் சரியாக அணைக்க முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து மறுபடி அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். வெளியே விறகு ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது.

அழுது ஓய்ந்த பிறகு ரன்வெய் நிமிர்ந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். கன்னத்தில் மாமியாரின் ஸ்வெட்டர் பின்னல் பதிந்திருந்தது.

"அத்தை, மறுபடி சொல்லுங்க."

"எதைம்மா?"

"எல்லாத்தையும். நீங்க கதவைத் திறந்து அந்த ரூமுக்குள்ள போனதுலேர்ந்து. எதையும் விடாம."

குன்வோர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.