சும்மா இருக்கத் தெரிந்த பெட்டி

அந்தச் சிறுமியை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் தாளம் போட்டால் மூன்று தெரு தள்ளித் தூங்கும் பூனை எழுந்து உட்காரும். நான்கு தெரு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று அவள் கைகள் அடங்கிக் கிடந்தன. பள்ளி வேன் ஓட்டிய மாமா போன வாரம் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டம். வேனில் மாமா விரும்பிப் பாடச் சொல்லும் பாட்டை அவளுடைய அக்கா பாட வேண்டும்; டமாரம் கஹோன் வாசிக்க வேண்டும். கஹோன் என்பது மரப்பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்து முன்பலகையில் தட்ட வேண்டும். பள்ளிக்கு ஒன்று வாங்க இசை டீச்சர் இருவரையும் கடைக்கு அழைத்து வந்திருந்தார்.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதை ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி அலமாரி வெலவெலத்துப்போனது. சுவர்க்கடிகாரம் ஒரு நொடி ஓட மறந்தது.

"எப்படி, இடி மாதிரி இல்ல?"

"இதோட பாடினா என் குரல் எனக்கே கேக்காது," என்றாள் அக்கா. அவளுக்கு மெல்லிய குரல். மைக்கும் வேண்டாம் என்றுவிட்டாள். "வேன்ல மைக்கா இருந்துச்சு?"

"நான் மெதுவா தட்டுறேன்க்கா."

"யாரு, நீயா?"

டமாரம் கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் தட்டவே இல்ல. நீ மட்டும் பாடு."

"தட்டிப் பாக்காம எப்படிம்மா வாங்குவ?" என்றார் கடைக்காரர்.

அக்கா பெட்டியருகே நின்று இரண்டு வரி பாடினாள். யாரும் தொடாத பெட்டி 'ஸ்ர்ர்ர்' என்று முனகியது.

"உள்ள யாரு?" என்றாள் டமாரம்.

"கம்பிம்மா. முன்பலகைக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கும். பக்கத்துல பாடினா அதுவும் அதிரும். எல்லாப் பெட்டியும் அப்படித்தான்."

"அக்கா பாடறப்ப இது ஏன் குறுக்க பேசணும்?"

ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் அக்காவைப் பாட வைத்தாள். எல்லாம் முனகின. மூலையிலிருந்த சிறிய பெட்டியின் பக்கத்தில் மட்டும் ஒரு திருகு இருந்தது.

"அதத் திருப்பினா கம்பி விலகிடும். வேணும்னா சேத்துக்கலாம்," என்றார் கடைக்காரர். "ஆனா சத்தம் கம்மி."

"இதையே எடுத்துக்கலாம் டீச்சர்."

வெள்ளிக்கிழமை அக்கா பாடத் தொடங்கியபோது கம்பி விலகியிருந்தது. மெத்தையில் யாரோ நடப்பது போல் தாளம் கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடிய இடத்தில் டமாரம் திருகைத் திருப்பினாள், கம்பிகள் கலகலத்தன. மறுபடி அக்கா தனியாக. மறுபடி திருகு.

கடைசி வரியின் நடுவில் அக்காவின் குரல் நின்றுபோனது.

டமாரம் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கூடத்தில் எங்கும் சத்தமில்லை. பெட்டியிலும் இல்லை. அவள் அவசரப்படவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு லேசாகத் தலையசைத்தாள்.

டமாரம் ஒரே ஒரு முறை, விரல் நுனியால் தட்டினாள். அக்கா மீதி வரியைப் பாடி முடித்தாள்.