ஒருவர் தேடாதிருக்க வேண்டும்

தேடல் அலை மூன்றாவது முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்தது. பொள்ளாச்சித் தேடுநிலையத்தின் சுவரில் விரிந்திருந்த மாவட்ட வரைபடம் ஒருமுறை சிலிர்த்தது, பிறகு பழையபடி பச்சையாகிக் கிடந்தது. எங்கேயும் ஒரு புள்ளிகூட எரியவில்லை.

மிருதுளா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். போனதும் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சந்தையில் கைநழுவிய குழந்தை, காட்டில் வழிதப்பிய மாணவர்கள், கோபித்துக்கொண்டு உடுமலையில் போய் ஒளிந்துகொண்ட புருஷன்மார் என்று எத்தனையோ பேரை ஒரு காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்த நிலையம் இது. அவளுடைய ஒரே மகன் பொழிலன் மட்டும் கிடைக்கமாட்டேன் என்கிறான். நேற்றுக் காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனவன். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கா விட்டுப் பாருங்கம்மணி" என்றாள் கெஞ்சலாக.

"விடறனுங்கம்மா. நீங்க உக்காருங்க" என்றாள் தேடல் அலுவலர் கதீஜா.

அந்தக் காலத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கணுமணி இருக்கும், குன்றிமணி அளவில். அது யாரையும் காட்டிக்கொடுக்காது. நீங்கள் எங்கே போனீர்கள், எங்கே நின்றீர்கள் என்று எங்கும் எழுதிவைக்காது. மனிதரை மனிதர் எந்நேரமும் கண்காணித்துச் சலித்துப்போன பிறகு வந்த ஏற்பாடு அது. ஆனால் ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடும், தெருவிளக்கோடும், மலையில் நட்டிருக்கும் மழைமானியோடும் கைகோத்துக்கொண்டே இருக்கும். அப்படி மாவட்டம் முழுவதும் ஒரே வலை. யாராவது தொலைந்தால், ரத்த உறவோ, கட்டிய துணையோ தேடல் மனு கொடுக்க வேண்டும். உடனே தொலைந்தவரின் மணிக்கு மட்டும் குறி விழும். அப்புறம் அந்த வலைக்குள் அலையை நடக்க விடுவார்கள்.

அலைநடை என்பது நாம் நடக்கிற நடை அல்ல. ஒரு தெருமுனையில் நாம் இடமா வலமா என்று யோசிப்போம். அது யோசிக்காது, இரண்டிலும் போகும். அடுத்த முனையிலும் அப்படியே. எல்லா வழியிலும் ஒரே சமயத்தில் போய், தப்பான வழிகளில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு, குறி விழுந்த மணியின் மேல் மட்டும் மேடிட்டு நிற்கும். ஒரேயொரு நிபந்தனை, நடுவில் அளந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அலை கலைந்து, ஊர் தெரியாத சாதாரண வழிப்போக்கனாகிவிடும். இதைக் காதோடு காதாகக் கேட்ட பொள்ளாச்சி ஜனங்கள், அலை நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொள்வார்கள். நிலையத்துக் கருவி பார்க்கக் கூடாது என்பதுதான் விஷயம், உங்கள் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கதீஜா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

மிருதுளாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் இன்னொரு பெண்ணும் கண்ணை மூடியிருந்தாள். அவள் பெயர் சஷ்மிதா, மிருதுளாவின் சம்பந்தி. பொழிலனின் மனைவி நறுமுகையைப் பெற்றவள்.

இருவரும் பேசிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தலைத்தீபாவளிக்குப் போன மாப்பிள்ளையை ஆரத்தி எடுக்காமல் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தது. ஆரத்தியைத்தான் கரைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் என்ன அவசரம் என்றாள் சஷ்மிதா. வேண்டுமென்றே செய்தது என்றாள் மிருதுளா. அந்த ஆரத்தித் தட்டு அப்படியே உருண்டு உருண்டு குடும்ப நீதிமன்றத்தில் போய் விழுந்தது. பெண்ணை அம்மா அழைத்துக்கொண்டு போய்விட்டாள், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. சின்னஞ்சிறிசுகள் இரண்டையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் அவர்கள் எங்கே வாய் திறந்தார்கள்?

நேற்றிலிருந்து நறுமுகையையும் காணவில்லை. அவளைத் தேடத்தான் சஷ்மிதா வந்திருந்தாள். உள்ளே நுழைந்து மிருதுளாவைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு மனுவும் முதல் அலையிலேயே சேர்ந்துதான் போயின.

நான்காவது அலையும் திரும்பியது. ஒன்றுமில்லை.

"என்ற பொண்ணை என்னமோ பண்ணிப்போட்டு, தேடறாப்ல நடிக்கறாங்கன்னு நெனைக்கறேன்" என்றாள் சஷ்மிதா, சுவரைப் பார்த்து.

"நடிப்பெல்லாம் யாருக்குக் கைவந்த கலைன்னு ஊருக்கே தெரியுமுங்க. அவிங்களைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க கண்ணு" என்றாள் மிருதுளா, கதீஜாவைப் பார்த்து.

கதீஜா வலையின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி உடைந்தாலோ, அதை அணிந்தவரின் நாடி நின்றாலோ அந்த இடத்தில் வலையில் ஒரு கண் அறுந்துபோகும். எந்த இடம் என்று தெரியாது, ஆனால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையவில்லை. இரண்டு மணிகளும் நன்றாக இருக்கின்றன. ஆளும் உயிரோடு, மணியும் உயிரோடு, குறியும் விழுந்திருக்கிறது. அலை மட்டும் ஒன்றுமே இல்லாத இடத்தைக் கடப்பதுபோல் கடந்து வந்துவிடுகிறது. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பயிற்சி வகுப்பில் எப்போதோ சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் இப்படி வாங்க" என்றாள்.

இருவரும் எழுந்து, நடுவில் ஓர் ஆள் நிற்கும்படி இடம்விட்டு நின்றார்கள்.

"குழந்தைத் தொட்டிலை ரெண்டு பக்கமும் ஆளுக்கொருத்தர் நின்னு, ஒரே நேரத்துல ஒருத்தருக்கொருத்தர் எதிராத் தள்ளுனா என்னாகுமுங்க?"

"ஆடாது" என்றாள் சஷ்மிதா.

"அதேதான். குறி போட்ட மணி, தன்கிட்ட வர்ற அலையைத் திருப்பித் தள்ளும். அப்படித் தள்ளித் தள்ளித்தான் அலை அங்க குவியுது. ஆனா, பக்கத்துலயே குறி போட்ட இன்னொரு மணி இருந்துச்சுன்னா, இது தள்ளுனதை அது தள்ளி, ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிருது. அலைக்கு அங்க ரெண்டு பேர் இருக்கறதே தெரியாது." கதீஜா மூச்சு வாங்கினாள். "சேந்து தொலைஞ்சவங்களை ஒரே மனுவுலதான் தேடுவோம். ஒரு மணிக்குத்தான் குறி போடுவோம். நீங்க ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டிருக்கீங்க."



"அப்படின்னா..." என்று இழுத்தாள் மிருதுளா.

"ரெண்டு பேரும் கெடைக்கலைங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரு காரணம்தான் இருக்கு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க."

"வாய்ப்பே இல்ல. அந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்னு என்ற பொண்ணு என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுனா" என்றாள் சஷ்மிதா.

"இப்ப என்ன பண்றதுங்க?" என்றாள் மிருதுளா.

"உங்கள்ல ஒருத்தர் மனுவைத் திரும்ப வாங்கணும். ஒரு குறி போச்சுன்னா இன்னொண்ணு தெரிஞ்சிரும். ஒரு ஆள் இருக்கற இடத்துல ரெண்டு ஆளும் கெடைச்சிருவாங்க."

"நீங்களே ஒண்ணை நிறுத்தி வைக்கறது?"

"முடியாதுங்கம்மா." அது உண்மைதான். ஒரு காலத்தில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகளை முதலில் தேடி, மற்றவர்கள் மனுவை மூலையில் போட்டார்கள். அந்த அநியாயத்தை ஒழிக்க வந்த சட்டம், நிலுவையில் இருக்கும் எல்லா மனுவும் எல்லா அலையிலும் சேர வேண்டும், எந்த அதிகாரியும் எந்தப் பெயரையும் ஒதுக்கக் கூடாது என்று சொன்னது. விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்களை அடக்க இன்னொரு விதியும் இருந்தது. திரும்ப வாங்கிய மனுவை ஒரு வாரத்துக்கு மறுபடி போட முடியாது.

ஒரு வாரம்! கதீஜா சொல்வது தப்பாக இருந்தால்? பிள்ளைகள் வேறு வேறு மூலையில் கிடந்தால்? யார் மனுவை எடுக்கிறார்களோ அவர்கள் பிள்ளையை இந்த மழையில் ஒரு வாரம் யாரும் தேடமாட்டார்கள்.

"அவிங்க எடுக்கட்டும். ஆம்பளைப் பையன், எங்கயாச்சும் கெடந்து வந்துருவான்" என்றாள் சஷ்மிதா.

"ஏன், பையன்னா மழை நனைக்காதா? மண்ணு விழுந்தா வலிக்காதா?" மிருதுளா சீறினாள். "என் பையனைத் தேட வேண்டாம்னு என் வாயால நான் சொல்லணுமா? பெத்தவ சொல்ற பேச்சாங்க அது?"

அப்புறம் சஷ்மிதா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மிருதுளா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மலை இருக்கும் திசையில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் மழைதான்.

நேற்றுக் காலையை நினைத்தாள். அரிசிம்பருப்புச் சாதம் செய்யச் சொன்னான். இரண்டு டப்பாவில் கட்டச் சொன்னான். "எதுக்குடா ரெண்டு?" என்றாள். "ரொம்பப் பசிக்குதும்மா இப்பெல்லாம்" என்றான். அடுப்பில் வைக்கப் போகும்போது பின்னாலேயே வந்து நின்றான். "பூண்டு போடாதம்மா. வயித்துக்குச் சேர மாட்டேங்குது."

பூண்டு வயிற்றுக்குச் சேராதாம்! உரித்த பூண்டைப் பச்சையாகத் தின்கிற பயல். அந்த வீட்டில் பூண்டு வாசமே ஆகாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவள் மருமகள் ஒருத்திதான். அவளுக்காகத் தனியாக ஒரு குண்டானில் சமைத்துச் சமைத்து மிருதுளா எத்தனை நாள் முணுமுணுத்திருப்பாள்! போன மாதமும் ஒரு நாள் பூண்டு வேண்டாம் என்றானே. அதற்கு முந்தின மாதமும்.

திருட்டுப் பயலே என்று மனசுக்குள் திட்டினாள். என் அடுப்பில் சமைத்து, என் கையாலேயே கட்டிக்கொடுக்கவைத்து, என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறாய். திட்டத் திட்டக் கண் நிறைந்தது. இதை வெளியே சொன்னால் சம்பந்தியின் முன் தலை குனிய வேண்டும். என் பையன் உங்கள் பெண் பின்னாலேயே சுற்றுகிறான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வக்கீலிடம் மார்தட்டிச் சொன்னதெல்லாம் என்னாவது? ஒரு வேளை பூண்டு விஷயம் நிஜமாகவே வயிற்றுக் கோளாறாக இருந்துவிட்டால்?

இல்லை. பிள்ளையின் வயிறு பெற்றவளுக்குத் தெரியாதா?

"என்ற மனுவை எடுத்துருங்க கண்ணு" என்றாள்.

கதீஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"எடுங்க. பொழிலனை யாரும் தேட வேண்டாம்." சொல்லிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரோ அவள் கையைப் பிடித்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

வால்பாறைப் பாதையின் மேல் வளைவு ஒன்றில் ஒரு புள்ளி எரிந்தது.

மண்சரிவு வண்டியைப் பாதையிலிருந்து தள்ளித் தேயிலைச் செடிகளுக்குள் செருகியிருந்தது. அங்கே அலைபேசிக் கோபுரமும் சாய்ந்து கிடந்தது. பொழிலனின் கால் வண்டிக்கடியில் சிக்கியிருந்தது. நறுமுகைக்குச் சிராய்ப்புதான். அவள் நினைத்திருந்தால் ஏறி நடந்து போயிருக்கலாம். அப்படிக் கொஞ்ச தூரம் விலகியிருந்தாலே அலை இரண்டு பேரையும் அப்போதே பார்த்திருக்கும். அவள் விலகவில்லை. துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டி, அவன் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, டப்பாவில் மிச்சமிருந்த சோற்றை ஊட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வழக்கு ஆரம்பித்ததிலிருந்தே மாதம் ஒருமுறை இருவரும் அங்கேதான் சந்தித்துக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டு மிருதுளா மகன் தலையில் நாலு போடு போட்டாள். சஷ்மிதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள், "அடிபட்ட புள்ளைய விடுங்க" என்றாள். வழக்கை இரண்டு பேரும் வாபஸ் வாங்கினார்கள்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது? கால் ஆறும்வரை பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. ஆறிய பிறகு பிள்ளைகள் இருவரும் ஆனைமலையில் தனி வீடு எடுத்துப் போனார்கள். காலையில் ஒரு அம்மா வந்து அடுக்களையைத் திருத்திவைப்பாள், சாயங்காலம் இன்னொரு அம்மா வந்து அதைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குவாள். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கவில்லை என்ற குறை மட்டும் தீர்ந்தது. போகும்போதும் வரும்போதும் எடுத்துத் தள்ளினாள் சஷ்மிதா.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மிருதுளா போனபோது வீடு பூட்டியிருந்தது. அலைபேசிகள் அணைந்திருந்தன. அவள் தேடுநிலையத்துக்கு ஓடினாள். சஷ்மிதா அங்கே முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். இந்த முறை ரொம்ப விவரமாக இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

அலை போய்விட்டு வெறுங்கையோடு வந்தது.

"அய்யோ, மறுபடியுமா! என்னாச்சுன்னு பாருங்க கண்ணு!" என்று பதறினாள் மிருதுளா.

கதீஜா பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். வரவர இந்த மாதிரிதான் வருகிறது. மலையில் ஆறு மாதத்துக்கு முன்பு நடந்தது ஊரெல்லாம் பரவிவிட்டது. காதலித்துத் தாலி கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும், வேலையிடத்திலிருந்து தப்பிக்கிறவர்களும், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்க ஆசைப்படுகிறவர்களும் ஆளுக்கொரு ரத்த உறவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இதையே செய்தார்கள். நிலையத்தில் மனுக்கள் குவிந்தன, கிடைக்கிறவர்கள் குறைந்தார்கள்.

"பயப்படாதீங்க, ரெண்டு மணியும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நேத்தே ரெண்டு மனு வந்திருக்கு. நறுமுகையைக் காணோம்னு பொழிலன் போட்டிருக்கார். பொழிலனைக் காணோம்னு நறுமுகை போட்டிருக்காங்க."

இருவரும் புரியாமல் பார்த்தார்கள். முதலில் சஷ்மிதாவுக்குத்தான் விளங்கியது. வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"அந்த மனுவை அவங்கள்ல ஒருத்தர்தானுங்க எடுக்க முடியும்" என்றாள் கதீஜா. "ஒருத்தர் தேடறதை நிறுத்துனாத்தான் நமக்குக் கெடைப்பாங்க."

மிருதுளா வரைபடத்தைப் பார்த்தாள். எங்கோ அந்தப் பச்சைக்குள் இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்கள். ஒரு புள்ளியும் எரியவில்லை.

"நிறுத்தாம இருக்கட்டுங்க" என்றாள். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். "வாங்க, காபி குடிச்சுட்டுப் போலாம்."