பயத்துக்குத் திறக்கும் கதவு

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் முப்பிடாதி புத்தகத்தை மூடிவிட்டு ஜெபரூபியைப் பார்த்தாள். ரூபி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகியிருந்தாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

"ஏட்டி, என்னயப் பாரு. வேற எதையாவது நெனச்சுக்கோ. ஒங்க ஊர் கோயில் அசனத்த நெனச்சுக்கோ. கறிச்சோறு, கூட்டம், பந்தல்..."

"நெனைக்கேன்க்கா. நெனைக்க நெனைக்க அவங்க சத்தந்தான் கேக்கு."

சத்தம் அறை வாசலில் வந்து நின்றது. யாரும் தட்டவில்லை. அந்த மாணவியர் விடுதியில் தட்டுகிற பழக்கமே போய்விட்டது. கதவுச் சட்டத்தில் பதித்திருந்த அச்சமானி ஒருமுறை காற்றை உறிஞ்சியது. தாழ்ப்பாள் தானாக விலகியது. நிலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

ரோந்துத் தலைவி செண்பகக்கனி இரண்டு காவலர்களோடு உள்ளே வந்தாள். "இன்னைக்கும் இந்த ரூமுதானா?" என்று சிரித்தபடி ரூபியின் அலமாரியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த உடைகள் தரைக்கு வந்தன. உள்ளாடைகளைக்கூட அவள் லத்தி நுனியால் தூக்கிப் பார்த்தாள். பிறகு ரூபியின் கைபேசியை எடுத்து, அவள் அம்மாவுக்கு அனுப்பியிருந்ததை உரக்க வாசித்தாள். "'இங்க இருக்கவே புடிக்கலம்மா.' ஏன் புடிக்கல? நாங்க என்ன ஒன்ன கடிச்சா திங்கோம்?"

காவலர்கள் சிரித்தார்கள்.

"ஒண்ணும் இல்லன்னு தெரியுதுல்லா? வெளிய போங்க," என்றாள் முப்பிடாதி.

"ஒண்ணும் இல்லன்னா ஏன் பயப்படணும்? கதவ நாங்க தொறக்கல தாயி. இவதான் தொறந்தா."

அதுதான் அவர்கள் எப்போதும் சொல்லும் பதில். அது பொய்யும் இல்லை. ரோந்துக்காரர்களிடம் சாவி கிடையாது. அறைக்குரியவளின் விரல் பட்டால் கதவு திறக்கும். இல்லையென்றால், உள்ளே இருப்பவளின் பயத்துக்குத் திறக்கும். பயந்த உடம்பின் வியர்வைக்குத் தனி வாசனை உண்டு. மனித மூக்குக்கு எட்டாத அந்த வாசனையை அச்சமானி கதவுக்கு அப்பாலிருந்தே பிடித்துவிடும். அளவு எல்லையைத் தாண்டினால் பூட்டு விடுபடும், ரோந்துக்குத் தகவல் போகும்.

மாணவிகளே போராடிக் கேட்டு வாங்கிய கருவி அது. உள்ளே தாழிட்டிருந்த ஓர் அறையில் ஒரு பெண் இழுப்பு வந்து மூச்சுமுட்டிச் செத்துப்போனாள். சுவரை அவள் தட்டிய சத்தம் பக்கத்து அறைவரை கேட்டும், கதவை உடைக்க ஆட்களும் அனுமதியும் வந்துசேர நேரமாகிவிட்டது. இனி யாரும் பூட்டிய அறைக்குள் தனியாகப் பயந்து சாகக்கூடாது என்று அன்று எல்லோரும் கத்தினார்கள். பயம் எதனால் வருகிறது என்று கருவிக்குத் தெரியாது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. ரோந்து வந்தாலே பயம் வந்தது, பயம் வந்தால் ரோந்து உள்ளே வந்தது.

அடுத்த வாரம் விடுதிக் காப்பாளர் சௌந்தரவல்லி ரூபியை அழைத்தார். கருவியின் கணக்குப்படி அவள் மனநிலை விடுதிக்கு ஏற்றதாக இல்லையாம். 'மன ஓய்வு' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பு, தேர்வு எல்லாவற்றுக்கும் நிறுத்தம்.

"வீட்டுக்குப் போனா திரும்ப அனுப்ப மாட்டாவக்கா. மாமா மவன் காத்துக்கிட்டு இருக்கான்," என்று அழுதாள் ரூபி. பெட்டியை வேனில் ஏற்றியது செண்பகக்கனிதான். "கல்யாணச் சாப்பாட்டுக்கு எங்களயும் கூப்புடு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

முப்பிடாதி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். காது இரண்டும் கொதித்தன. செண்பகக்கனியின் கழுத்தைப் பிடித்து நெரிப்பதுபோல் தலையணையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மாலை ரோந்து வந்தது. பூட்ஸ் வாசலில் நின்றது. அச்சமானி காற்றை இழுத்தது, இன்னொருமுறை இழுத்தது. கதவு அசையவில்லை.

"என்னட்டி, உள்ளதான இருக்க?" என்றது வெளியிலிருந்து குரல்.

"இருக்கேன். முடிஞ்சா வா."

வெளியே கிசுகிசுப்பு. பிறகு பூட்ஸ் நகர்ந்துபோனது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்கிறவள் அவள். ஒரே உடம்பிலிருந்து வரும் ஒரு வாசனை இன்னொன்றை மூழ்கடிக்கும் என்பது அவளுக்குப் பாடம். கோபத்தின் வாசனை வேறு. அது ஓங்கினால் பயம் அடங்கிப்போகும்.

மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் மற்ற மாணவிகளிடம் சொன்னாள். "அமைதியா இருக்கப் பாக்காதிய. அது நமக்கு வராது. அவங்க முகத்த நெனச்சு வெறுங்க. பூட்ஸ் சத்தம் கேட்டா, அவங்க நமக்குச் செஞ்சத ஒவ்வொண்ணா சொல்லிப் பாருங்க."

முதலில் சிலர் சிரித்தார்கள். ஆனால் முயன்று பார்த்தவர்களின் கதவு திறக்கவில்லை. அதற்குமேல் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெறுப்பதற்கு அந்த விடுதியில் பொருள் நிறையக் கிடந்தது. ரோந்து நேரத்தில் ஒவ்வோர் அறையிலிருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கும் குரல்கள் வந்தன. வராந்தா முழுக்கக் கதவுகள் இறுகிக் கிடந்தன. செண்பகக்கனி ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டு, லத்தியால் சுவரில் அடித்துக்கொண்டு போனாள்.

ஒரு காலையில் முப்பிடாதி எல்லோரையும் கூட்டிக்கொண்டு காப்பாளர் அலுவலகத்துக்குப் போனாள். சௌந்தரவல்லி சன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"என்னம்மா வேணும்? மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க!"

யாரும் மனு எழுதவில்லை. கோஷம் போடவில்லை. நூறு பெண்கள் அந்தக் கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள்.

கட்டடத்தின் எல்லாக் கதவுகளையும் ஒரே நிறுவனம்தான் செய்து மாட்டியிருந்தது. சட்டத்தில் இருந்த அச்சமானி காற்றை இழுத்தது. தாழ்ப்பாள் விலகியது. மஞ்சள் விளக்கு எரிய, கதவு மெல்லத் திறந்தது. மேசைக்குப் பின்னால் சௌந்தரவல்லி நின்றிருந்தார். ஓடிவந்து சாத்தினார், மறுபடியும் திறந்தது. முதுகைக் கொடுத்து அழுத்தினார். அவர் அழுத்த அழுத்தப் பூட்டு விட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது.

முப்பிடாதி உள்ளே போனாள். அனுமதி கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து கோப்புகளைத் தரையில் இழுத்துப் போட்டாள். அதற்கு அவசியம் எதுவும் இல்லை.

"என்ன மேடம், ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லன்னா ஏன் பயப்படுதிய?"

சௌந்தரவல்லியின் மோவாய் ஆடியது. அதைப் பார்க்க முப்பிடாதிக்கு வயிறு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஆடட்டும் என்று அருகில் போனாள்.

"ரூபிய... கூப்புட்டுக்கிடுதேன்மா. நானே அவங்க அப்பாட்ட பேசுதேன்."

பேசினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூபி பெட்டியோடு வந்திறங்கினாள். முப்பிடாதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அறையில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். காப்பாளரின் மோவாய் ஆடியதை நடித்துக்காட்டினாள். செண்பகக்கனியை இனி என்னவெல்லாம் செய்யவேண்டும் என்றும் சொன்னாள். சொல்லச்சொல்ல அவள் குரல் தடித்தது. கை முறுக்கிக்கொண்டது.

"பாவம்க்கா மேடம்," என்றாள் ரூபி மெதுவாக.

"பாவமா?" முப்பிடாதி எழுந்தாள். "ஒனக்காகத்தான்ட்டி இவ்வளவும் செஞ்சேன்! ஒன்ன நாய் மாதிரி வேன்ல ஏத்தி அனுப்புனப்ப அவ பாவம் பாத்தாளா? சொல்லு! பாத்தாளா?"

மேசையில் ஓங்கி அடித்தாள். தம்ளர் உருண்டு விழுந்தது.

கதவு திறந்தது.

முப்பிடாதி சட்டென்று திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. வராந்தாவில் யாரும் இல்லை. ரோந்து நேரமும் இல்லை. நிலைக்கு மேலே மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"காத்தா இருக்கும்க்கா," என்றாள் ரூபி. எழுந்துபோய்ச் சாத்தினாள். கதவு நிற்கவில்லை. மறுபடியும் சாத்தினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

"ரூபி," என்று ஓர் அடி எடுத்துவைத்தாள் முப்பிடாதி. ரூபி சுவரோடு ஒட்டினாள்.

அதற்குமேல் அவளால் கிட்டே போக முடியவில்லை. சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து ரூபி ஒரு நீண்ட மூச்சு விடுவது கேட்டது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. செண்பகக்கனி மூச்சு வாங்க அவள்முன் வந்து நின்று, மூடிய கதவையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தகவல் வந்துச்சு. ரூமுக்குள்ள யாரும்மா பயந்தது?" என்று கேட்டாள். அவள் குரலில் இந்தமுறை கேலி இல்லை. "யாரப் பாத்துப் பயந்தா?"