கை எடுத்தாச்சா?

செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு எரிச்சல். ராமராஜனின் தறிக்கூடத்தில் தறிகளை ஓட்டும் கம்ப்யூட்டரின் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதாம். சரிசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்.

உள்ளே பட்டும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. பட்டப்பகலிலும் இருட்டு. மோட்டார் தறிகள் எல்லாம் சும்மா கிடந்தன. ஒரு தறிக்குள் மட்டும் அங்கே நெசவு வேலை செய்யும் காவேரி கையை விட்டு, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள்.

ஜோசுவா செத்த தறி அது.

எனக்கு முன்னால் இங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன். கை உள்ளே இருந்தால் மோட்டாரை ஓடவிடாத ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜை அவன்தான் எழுதினான். காவல் என்று பெயர். புது டிசைன் பேக்கேஜுக்கு அது ஒத்துவரவில்லை என்று போன வருடம் அதைத் தூக்கியவர் ராமராஜன். தூக்கிவிட்டு மோட்டாரைப் போட்டார். ஜோசுவா தறிக்குள் குனிந்திருந்தான். "கை எடுத்தாச்சா?" என்று குரல் கொடுக்காமல் இங்கே யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. அன்று அவர் கேட்கவில்லை. பாவி மனுஷன்!

அதன்பிறகு காவலை நான்தான் திரும்ப ஏற்றினேன்.

"சுகாசினி, மறுபடியும் அந்தக் காவல்தான் அடைக்குது. தூக்கிடும்மா. முகூர்த்தப் புடவை நின்னுக்கினு இருக்குது."

"வெக்கமா இல்லியா சார்? புதுசுக்கு ஏத்தாப்ல காவலை மாத்தி எழுதணும். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"நீ நகரு. நானே தூக்கறேன்."

என்னைத் தள்ளிவிட்டுக் கீபோர்டில் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது.

பேக்கேஜ்கள் பூட்டப்பட்டுள்ளன. பூட்டியவர்: ஜோசுவா.

அவன் செத்ததும் அவனுடைய லாகின் கணக்கை நான் என் கையால் அழித்திருந்தேன்.

எங்கிருந்தோ லவங்க வாசனை. ஜோசுவா எந்நேரமும் வாயில் அடக்கியிருப்பானே, அதே லவங்கம்.

"சார், வேணாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டை உடைத்தார். காவல் நீக்கப்பட்டது. புதுசு ஏறியது. நான் தடுப்பதற்குள் பாய்ந்து சுவிட்சைப் போட்டார்.

கேட்கவில்லை. இந்த முறையும் கேட்கவில்லை!

"காவேரி!"

மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. தறிச் சட்டம் அவள் விரலை ஒட்டி நின்றது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். யூபிஎஸ் ஒயரையும் பிடுங்கினேன். திரை மட்டும் அணையவில்லை.

யாரும் தொடாத கீபோர்டில் கட்டைகள் தாமாகவே அமுங்கத் தொடங்கின.

டக். டக்.

கை எடுத்தாச்சா?

ராமராஜன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினார். நடுங்கட்டும். காவேரி அழுதுகொண்டே கையை வெளியே இழுத்தாள்.

"எடுத்துட்டேன்ணா."

மெயின் அணைந்தே கிடந்தது. தறி ஓடத் தொடங்கியது.