ஃபிலிம் டப்பாவில் தேயிலை

திங்கட்கிழமை. காலை 10.10.

கேமரா பிடித்த பையன் பூட்டைத் திறந்துவிட, மரியநாயகம் மாஸ்டர் சித்திர அறை அலமாரியிலிருந்து அந்தத் தகர டப்பாவை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் வட்ட டப்பா. நாலு மாணவர்கள் ஆறு சனிக்கிழமைகள் மழையில் நனைந்து எடுத்த சினிமா அதற்குள் இருந்தது. நாலு நிமிடப் படம். பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. சாயங்கால ரயிலில் கொழும்புக்குப் போய், கழுவப்பட்டு, பள்ளிக்கூடங்களுக்கான போட்டிக்குப் போக வேண்டியது.

மாஸ்டரின் விரல் பட்டதும் டப்பாவைச் சுற்றியிருந்த பிளாஸ்டர் ஈரத்தில் வழுக்கிக் கழன்றது. மூடி எகிறியது. மேசையில் கொட்டியது ஃபிலிம் அல்ல. சிவந்து, கசிந்து, புளித்த வாடை அடிக்கும் தேயிலை.

"மாதாவே!" என்றார் மாஸ்டர்.

பக்கத்தில் நின்ற பூரணி குனிந்து இலையை முகர்ந்து பார்த்தாள். பதினேழு வயது. படத்தின் டைரக்டர் அவள்தான். அந்தப் பதவி கிடைக்க ஒரே காரணம், நாலு பேரில் குடை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஹட்டன் மழையில் யார் குடை பிடிக்கிறார்களோ, அவர்கள் பேச்சைத்தான் கேமரா கேட்கும். டைரக்டர் வேலை போக, அவள் துப்பறிவாளரும்கூட. இதுவரை எடுத்துக்கொண்ட வழக்கு ஒன்று: தோட்டத் தொழிலாளர் லயத்தில் காணாமல் போன கோழி. மூன்றாம் நாள் கோழியே திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதைத் தான் கண்டுபிடித்ததாகவே அவள் வைத்துக்கொண்டாள்.

10.25. தலைமை ஆசிரியர் வந்தார். பூட்டைப் பார்த்தார். உடைபடவில்லை.

"சாவி எத்தனை?"

"ஒண்ணுதான் சேர்."

"யாருட்ட இருந்துச்சு?"

கேமரா பிடித்த செல்லசாமி சட்டைக்குள் கைவிட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைக் காட்டினான்.

"லயத்துப் பையன். உள்ள இருந்ததும் தேயிலை. இதுக்கு மேல என்ன விசாரணை?" என்றார் தலைமை ஆசிரியர். "மூணு மணி பெல்லுக்கு முன்னுக்கு ரீல் என் மேசைக்கு வரணும். வரலேன்னா உன் பேர வெட்டிருவேன்."

அந்தப் பள்ளியில் பேர் வெட்டுப்பட்டால் மறுநாளே அது தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் ஏறிவிடும். படிப்பு முடிந்தது, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்தது என்று அர்த்தம். பூரணி மேசையில் கொட்டிக் கிடந்த இலையை ஒன்றுவிடாமல் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டாள்.

10.40. முதல் விசாரணை.

"சனிக்கிழமை நடந்தத சொல்லு, செல்லசாமி."

"நீயும்தானே கூட இருந்த?"

"துப்பறியிறவங்க ஒண்ணும் தெரியாத மாதிரிதான் கேப்பாங்க. சொல்லு."

"நாலரைக்கு கடைசி ஷாட்டு. ரீலும் முடிஞ்சிச்சு. ஒன் குடைக்குள்ளயே டப்பாவுல போட்டு பிளாஸ்டர் சுத்தி, பையில வச்சேன். எனக்கு கேமராவும் ஸ்டாண்டும் தூக்கவே சரியா இருந்துச்சு. பைய மத்தவங்க மாத்தி மாத்தி கொண்டாந்தாங்க. அஞ்சு பத்துக்கு டப்பாவ அலமாரியில வச்சுப் பூட்டினேன். சாவி கழுத்த விட்டு எறங்கவே இல்ல. குளிக்கிறப்பகூட."

"குளிச்சியா?"

"நேத்து ஞாயித்துக்கிழமதானே?" என்றான் செல்லசாமி. அந்தக் குளிரில் அது பெரிய சாதனை.

11.05. கதாநாயகி இசபெல். ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் மகள்.

"பைய நீ தூக்கினியா?"

"பாலத்துக்குக் கிட்ட இருந்து நான்தான். அதுவரைக்கும் லியனார்ட்டு. மாஸ்டர் முன்னுக்குப் போயிட்டாரு."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

இசபெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த அட்டைய மறக்க முடியுமா?"

யாராலும் முடியாது. கதாநாயகன் லியனார்ட், தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மகன். அப்பாவின் நீளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டணத்தில் படித்துத் திரும்பிய இளைஞனாக, தேயிலைக்கு நடுவில் கம்பீரமாக நின்று மலையைப் பார்க்க வேண்டும். அதுதான் கடைசிக் காட்சி. பார்த்தான். அதே சமயம் ஓர் அட்டை அவன் கால்சட்டைக்குள் ஏறி, தன் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அது தொடையை எட்டியபோது லியனார்ட் ஆடிய ஆட்டத்தைக் காமன் கூத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பூரணியின் அம்மா பேச்சியம்மா ஓடி வந்து, அட்டைக்கென்று மடியில் முடிந்து வைத்திருந்த உப்பை அவன் கையில் கொட்டினாள். "தேச்சுக்கிட்டு மிச்சத்தக் கால்சட்டைப் பையில போட்டுக்குங்க சின்னையா. இவனோட அண்ணன் தம்பியெல்லாம் பின்னாலயே வருவானுக."

11.30. லியனார்ட் கொய்யா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருந்தான். தொடவில்லை.

"ரீல யாரு எடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிற?"

"செல்லசாமி எடுக்கல. அது மட்டும் நிச்சயம்."

"அது எப்படி உனக்கு நிச்சயம்?"

"சும்மா… தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "போனா போகட்டுமே பூரணி. திருப்பி எடுப்போம். நல்ல வெயில் நாளாப் பாத்து."

12.15. வகுப்பறையின் கடைசி வாங்குப் பலகை. பூரணி கைக்குட்டையை விரித்து இலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். துப்பறிவாளர்களுக்கு பூதக்கண்ணாடி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளிடம் இருந்தது வாய் ஒன்றுதான். ஒரு காம்பை எடுத்துக் கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொன்றையும் கடித்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பசிக் கொடுமை என்று நினைத்து அவளுக்கு அரை ரொட்டி கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

2.30. எல்லோரும் சித்திர அறையில் கூடினார்கள். தலைமை ஆசிரியர் கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சேர், அஞ்சு நிமிசம் வெளிய வாங்க," என்றாள் பூரணி.

பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை தொடங்கியது. பூரணி செல்லசாமியின் கண்ணைத் தன் ரிப்பனால் கட்டினாள். "கொழுந்து எடு."

செல்லசாமியின் விரல்கள் செடியின் மேல் ஒருமுறை ஓடின. பொட், பொட், பொட். உள்ளங்கையில் மூன்று கொழுந்து. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, ஒரு அரும்பு. கத்தரித்து வைத்ததுபோல.

பூரணி கைக்குட்டையைப் பிரித்தாள். "இது டப்பாவுல இருந்தது. முத்தின இலை. நீளக் காம்பு. சில இடத்துல பட்டையோட உரிஞ்சி வந்திருக்கு. லயத்துல பொறந்தவங்க கை தூக்கத்துலகூட இப்படிப் பிய்க்காது. மாட்டுக்குத் தழை ஒடிக்கிற கை சேர் இது."

"வேணுமின்னே மோசமாப் பிச்சிருக்கலாம்," என்றார் தலைமை ஆசிரியர். "நாம ஏமாறணும்னு."

பூரணி தலையைச் சொறிந்தாள். நியாயமான கேள்வி. கோழி வழக்கில் இப்படியெல்லாம் யாரும் கேட்கவில்லை.

"சரி சேர். அதுக்கும் பதில் இருக்கு. பிளாஸ்டர் ஏன் கழண்டுச்சு?"

"ஈரத்துல," என்றார் மரியநாயகம் மாஸ்டர்.

"ஒரு கை இலையில அவ்வளவு தண்ணி எங்கருந்து வந்துச்சு? மாங்காய்க்கு உப்புப் போட்டு வச்சா தண்ணி விடுது இல்லையா? கடிச்சுப் பாருங்க சேர்."

தலைமை ஆசிரியர் ஆயுளில் முதல் தடவையாக ஒரு மாணவி சொன்னதைச் செய்தார். முகம் சுருங்கியது. "உப்பு!"

"கொழுந்து எடுக்கிறவங்க இலைய கூடையில போடுவாங்க. கால்சட்டைப் பையில திணிக்க மாட்டாங்க. இத எடுத்தவர் அவசரத்துல பையில திணிச்சிருக்காரு. அந்தப் பையில ஏற்கெனவே உப்பு இருந்திருக்கு. இலை நல்லா சிவந்து புளிச்சுப் போச்சு, அதனால சனிக்கிழமையே பிச்சது. பூட்டத் தெறக்க வேண்டியதே இல்ல. அலமாரிக்குள்ள போனப்பவே டப்பாவுல ரீல் இல்ல. வழியிலயே மாத்தியாச்சு. வெறும் டப்பா இலேசா இருக்கும்னு இலையப் போட்டு அடைச்சு, பழைய பிளாஸ்டரயே திருப்பி ஒட்டியாச்சு. சனிக்கிழமை பைய தூக்கினவங்கள்ல, கால்சட்டைப் பையில உப்போட இருந்தது ஒரே ஆள்."

எல்லாத் தலையும் மெதுவாக லியனார்ட் பக்கம் திரும்பியது.

"சிரிச்சீங்க," என்றான் லியனார்ட். "எல்லாரும் சிரிச்சீங்க. செல்லசாமி கேமராவ நிப்பாட்டவே இல்ல. ஊரே அத பாக்கும். எங்கப்பா பாப்பாரு. ஆத்துல போட்டுரலாம்னு பாலம் வரைக்கும் போனேன்."

"போட்டுட்டியா?" செல்லசாமி அலறினான்.

"முடியல. முன்னுக்கு நாலு ஷாட்டுல நான் நல்லா இருந்தேன்."

தன் முகத்தின் மேல் அவன் வைத்திருந்த ஆசைதான் படத்தைக் காப்பாற்றியிருந்தது. லியனார்ட் தோளில் கிடந்த புத்தகப் பைக்குள் கைவிட்டு, வெளிச்சம் படாதபடி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிய ஃபிலிம் சுருளை எடுத்துத் தலைமை ஆசிரியரின் கையில் வைத்தான்.

"என் பேர வெட்டுவாங்கன்னு தெரிஞ்சும் ஏன்டா வாயத் தெறக்கல?" என்றான் செல்லசாமி.

"மூணு மணிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்டா. சத்தியமா."

"இப்ப ரெண்டு அம்பத்தஞ்சு!"

"அதான், இன்னும் அஞ்சு நிமிசம் இருந்திச்சே," என்றான் லியனார்ட். சொல்லிவிட்டு அழுதான். செல்லசாமி அவனை அடிக்கத்தான் போனான். பக்கத்தில் போனதும் என்ன ஆனதோ, தோளில் கை போட்டுவிட்டான்.

பெல் அடித்தது. தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. "அலமாரிச் சாவி இனியும் உன்கிட்டயே இருக்கட்டும், செல்லசாமி," என்றார். அவர் அகராதியில் அது பெரிய மன்னிப்பு. மரியநாயகம் மாஸ்டர் அதற்குள் சுருளைத் தாளோடு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பூரணியின் குடையையும் பிடுங்கிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தார். நாலு மணி ரயில் அன்றைக்கும் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல் 3.00.

பள்ளி மண்டபத்தின் ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார்கள். போட்டிப் படங்களோடு நடுவர்கள் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். மூன்று தோட்டங்களின் ஆட்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லியனார்ட் அழகாக இருந்த நாலு காட்சிகளையும் ஜனம் மரியாதையாகப் பார்த்தது. ஒருவர் கொட்டாவி விட்டார்.

பிறகு அட்டை ஏறியது.

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அடுத்து மண்டபமே அதிர்ந்தது. பட்ட வலியை அறிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அந்த ஆட்டத்தை ஆடாத கால் ஒன்றுகூட அங்கே இல்லை. "உப்பு! உப்பு போடுங்கடா!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். பேச்சியம்மா எழுந்து நின்று மடியை அவிழ்த்து, "இந்தாங்க சின்னையா!" என்று திரையைப் பார்த்தே ஒரு பிடி உப்பை எறிந்தாள். பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

மூன்று தடவை போட்டுக் காட்டிய பிறகே ஜனம் அடங்கியது. முதல் பரிசு 'ஏழாம் நம்பர் மலை'க்கு. நாலு பேரும் மேடை ஏறினார்கள். நடுவர் ஒருவர் லியனார்டின் கையைக் குலுக்கி, "இந்த ஆட்டத்தை உங்களுக்கு யார் பழக்கியது?" என்று கேட்டார்.

லியனார்ட் நெஞ்சை நிமிர்த்தினான். "ஏழாம் நம்பர் மலையில ஒருத்தர் இருக்காருங்க. ரொம்பக் குள்ளம். கால்லயிருந்து ஆரம்பிப்பாரு."

கைதட்டலுக்கு நடுவில் பூரணி தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கோழிக்குக் கீழே எழுதினாள்: 'வழக்கு இரண்டு. முடிந்தது. இது தானாகத் திரும்பி வரவில்லை.'