ஒரு நட்சத்திர மீன் குறைகிறது!

‘வீல்ல்ல்...!’

அக்ஷிதாவின் அலறல் பீளமேட்டு பங்களாவின் மாடி வரை போய், சமையல்காரம்மாவின் கையிலிருந்த பால் பாத்திரத்தைக் கீழே தள்ளியது.

ஹாலில் பத்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. இரண்டாயிரம் லிட்டர் உப்புத் தண்ணீர். தொட்டியின் விளிம்பில், வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டபடி கவிழ்ந்து கிடந்தான் அவள் கணவன் சசிதர். வயது நாற்பத்தாறு. மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி.

கண்கள் திறந்திருந்தன.

உயிர் இல்லை!

மீன்கள் அவன் விரல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. காலைத் தீனி இன்னும் விழவில்லையே என்ற கவலை அவற்றுக்கு!

வாட்ச்மேன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் உடலைத் தொட முடிந்தது.

எட்டரை மணி. இன்ஸ்பெக்டர் ரெபேக்கா வந்து இறங்கினாள். கூடவே ஹெட் கான்ஸ்டபிள் மாசாணம். எலக்ட்ரீஷியன் ஒருவன் ஏற்கனவே தொட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றான்.

“பம்பு கேபிள் தேஞ்சு போயிருக்குதுங்க மேடம். தண்ணியில கரண்ட் எறங்கிருக்குது. இவரு தரையில நின்னுக்கிட்டு கைய உட்டதும் அடிச்சுப்போடுச்சுங்க.”

“மீனெல்லாம் ஜம்முனு சுத்துது?”

“கரண்ட் கம்பி மேல காக்கா உக்காருதுங்களே, அது மாதிரிங்க. தரையைத் தொடாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

“சரி, ட்ரிப்பர் எங்க? கரண்ட் கசிஞ்சா அது தானா அணைச்சிருக்கணுமே?”

எலக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா கழட்டச் சொல்லிட்டாருங்களாம். அடிக்கடி அணைஞ்சு போகுதுன்னு. ‘கோயமுத்தூர்க்காரன் மோட்டாருக்கு ட்ரிப்பர் எதுக்குடா’ன்னு கேட்டாருங்களாம்.”

ரெபேக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

அந்த வாக்கியத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்! நாலு வருடத்துக்கு முன், சிங்காநல்லூரில், இதே சசிதரின் கம்பெனியில். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் டேவிட்சன் என்று ஒரு தொழிலாளி. இருபத்து நாலு வயது. ஷாக் அடித்துச் செத்தான். அங்கேயும் ட்ரிப்பர் கழற்றப்பட்டிருந்தது... வேலை நின்றுபோகிறதாம்! அன்று சப்-இன்ஸ்பெக்டராக இருந்த ரெபேக்கா ஃபைலில் என்ன எழுதினாள் தெரியுமா?

‘தொழிலாளியின் கவனக்குறைவு.’

கையெழுத்தும் போட்டாள். அதற்கப்புறம் பிரமோஷனும் வந்தது. தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை.

செல்போன் அடித்தது. மேலதிகாரி பாலுசாமி.

“என்னம்மா ரெபேக்கா, முடிஞ்சுதா? பெரிய குடும்பம். சாயங்காலம் எடுக்கணும்ங்கறாங்க. கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை எழுதி முடி. உனக்கென்ன புதுசா?”

“பாத்துட்டு சொல்றேனுங்க சார்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்குது?”

இருந்தது!

தொட்டியின் அடியில் இறால்கள் வெளுத்துப்போய்க் கிடந்தன. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல... டஜன் கணக்கில்!

அக்ஷிதா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“ஏனுங்க அம்மணி... இந்த இறாலெல்லாம் இன்னைக்கு கரண்ட்ல செத்ததுங்களா?”

“இல்லீங்க. புதன்கெழமையிலிருந்தே செத்துட்டிருக்குதுங்க. மொதல்ல இறால், அப்புறம் நத்தை. இவரு கிளமென்ட்டுக்கு போனைப் போட்டு அசிங்க அசிங்கமாப் பேசுனாரு.”

“யாரு கிளமென்ட்?”

“தொட்டிக்கு பிளான் போட்டுக் குடுக்கறவருங்க. போத்தனூர். கடல்தண்ணித் தொட்டி எங்களுக்கு இதுதான் மொத தடவை. எது எப்ப விடணும், எத்தனை விடணும்னு எல்லாம் அவருதான். செவ்வாக்கெழமை தூத்துக்குடிக்கு மீன் எடுக்கப் போனாரு. இன்னைக்கு காலையிலதான் வந்து எறங்கறாருங்க.”

“தீனி யாரு போடறது?”

“இவரேதான். காலையில ஏழு மணிக்கு, கையால. வேற யாரையும் தொட விடமாட்டாருங்க. கண்ணாடியில கைரேகை பட்டாக்கூட எனக்கு அடி உழுகும்.”

ரெபேக்கா அவளை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க அழவே இல்லியே?”

“பதினெட்டு வருசமா அழுது முடிச்சுப்போட்டேனுங்க.”

மாசாணம் ரெபேக்காவின் காதருகே வந்தான்.

“மேடம், எனக்கென்னமோ இந்த அம்மணி மேலயே டவுட்டா இருக்குதுங்க.”

“உனக்கு பொம்பளைன்னாலே டவுட்டுதான். அங்க என்ன ஒட்டியிருக்குது பாரு.”

தொட்டியின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம். கிளமென்ட்டின் பட்டியல். குண்டு குண்டான கையெழுத்து.

மாசாணம் வாய்விட்டுப் படித்தான்.

“மொதல்ல பாறை. ஒரு மாசம் சும்மா ஊறணும்... பாசி திங்க நத்தை அறுபது... இறால் பதினாலு... நீல நட்சத்திர மீன் ஒண்ணு... அப்புறம்தான் சாது மீனுங்க, ரெண்டு ரெண்டா, ரெண்டு வாரம் இடைவெளி விட்டு. சண்டைக்காரக் கிளாத்தி மீனு எல்லாத்துக்கும் கடைசி! மொதல்ல விட்டா தொட்டி பூராவும் தன்னோடதுன்னு நெனைச்சுக்கும்... மேடம், நம்ம ஆபீஸ்ல பாலுசாமி ஐயாவைக் கடைசியா விட்டிருக்கலாமுங்க!”

“மூடிட்டு அடுத்ததைப் படி.”

“அடுத்த லாட்டு, நாளைக்கு சனிக்கெழமை. இறால் பத்து, நத்தை இருபது, மீன் நாலு. தூத்துக்குடி கதிரேசன்னு நம்பர் போட்டிருக்குதுங்க.”

ரெபேக்கா அந்த நம்பரை அடித்தாள். இரண்டாவது மணியில் எடுத்தான் கதிரேசன்.

“மீனுக்கு ஒண்ணும் ஆகாம, எலும்பில்லாத உசுரு மட்டும் சாவுதா மேடம்? அப்ப ஒண்ணே ஒண்ணுதான். செம்பு! தண்ணியில துளி செம்பு கலந்தாலும் இறாலும் நத்தையும் காலி. மீனு தாங்கிக்கிடும்.”

“செம்பா?”

“ஆமா மேடம். அதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே கிளமென்ட் அண்ணன்தான். நல்லவேளை, இந்தத் தடவை இறாலும் நத்தையும் வேண்டாம், மீனு மட்டும் போதும்னுட்டாரு. இல்லேன்னா அதுகளும் செத்திருக்கும்.”

“எப்ப வேண்டாம்னாரு?”

“போன ஞாயித்துக்கிழமை போன் போட்டுச் சொன்னாரு.”

ரெபேக்காவின் கை செல்போனை இறுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை!

இறால் சாக ஆரம்பித்ததே புதன்கிழமை!

“மாசாணம்... மீனையெல்லாம் புடிச்சு டிரம்ல விடு. தண்ணிய இறை!”

“ரெண்டாயிரம் லிட்டருங்களா?” மாசாணம் தலையில் கை வைத்தான். “போலீசு வேலைக்குத்தானுங்க மேடம் சேர்ந்தேன்!”

ஒரு மணி நேரம். மாசாணத்தின் யூனிஃபார்ம் உப்பில் ஊறியது. தொட்டியில் பாதித் தண்ணீர் குறைந்ததும் பெரிய பாறையைப் புரட்டினான்.

“மேடம்ம்ம்!”

பாறைக்குப் பின்னால் சுருள் சுருளாக ஒரு கம்பி. மோட்டார் வைண்டிங் செய்யும் செப்புக் கம்பி! மேல்பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். இன்னொரு முனை தொட்டிக்குப் பின்னால் ஏறி, விளக்கு எரியும் டைமரில் போய் முடிந்தது. ஏழு மணிக்குச் சற்று முன்பு விளக்கு எரியும். டைமரில் நாள் குறித்து வைத்திருந்ததால் இன்று மட்டும் கம்பிக்கும் உயிர் வந்திருக்கிறது. பம்பு கேபிளைத் தேய்த்து வைத்தது ஊர் கண்ணைக் கட்ட!

விபத்து இல்லை. கொலை!

கம்பி நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. செம்பு கரைந்து வாயில்லாப் பூச்சிகளைக் கொன்றிருக்கிறது.

செல்போன் மறுபடி அடித்தது.

“கம்பியா?” பாலுசாமி எரிந்து விழுந்தார். “அப்ப வீட்டுக்குள்ள இருந்தவ பொண்டாட்டிதானே? அவளை உள்ள போடு. இல்லேன்னா கவனக்குறைவுன்னு எழுது. மூணு மணிக்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்கணும்!”

வைத்துவிட்டார்.

ஒன்று, பதினெட்டு வருடம் அடி வாங்கியவளுக்கு ஜெயில். இல்லாவிட்டால் இன்னொரு பொய். என்ன அருமையான உத்தியோகம்!

“மேடம், எல்லாத்தையும் எண்ணிப்போட்டேனுங்க” என்றான் மாசாணம், ஈரக் கையை உதறிக்கொண்டே. “இறால் பதினாலு. நத்தை அறுபது. எல்லாம் காலி. நட்சத்திர மீனை மட்டும் காணோமுங்க!”

ரெபேக்கா திரும்பினாள்.

“அம்மணி... நட்சத்திர மீன் எங்க?”

“திங்கக்கெழமை கிளமென்ட் தொட்டி கழுவ வந்தாருங்க. அதுக்கு ஏதோ சீக்குன்னு வாளியில போட்டு எடுத்துட்டுப் போனாரு.”

“ஜீப்பை எடு மாசாணம்!”

போத்தனூர். ரயில்பாதையை ஒட்டிய ஓட்டு வீடு. எப்போதோ வந்த இடம் போலிருந்தது ரெபேக்காவுக்கு. கதவு திறந்தே கிடந்தது.

“வாங்க மேடம், உக்காருங்க” என்றான் கிளமென்ட். முப்பத்தைந்து வயது. ஒல்லி. அடங்கிய குரல். “காப்பி குடிக்கறீங்களா?”

சுவரோரம் சின்னத் தொட்டி. அதன் கண்ணாடியில் ஐந்து கைகளையும் விரித்து ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு நீல நட்சத்திர மீன். சுகமாக இருந்தது!

“இதுக்கு என்ன சீக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?”

கிளமென்ட் தொட்டிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தான். ரெபேக்காவின் பார்வையும் அங்கே போனது. சீரியல் விளக்கு சுற்றிய ஒரு போட்டோ. மீசை சரியாக முளைக்காத முகம்.

டேவிட்சன்!

“உங்க...”

“தம்பிங்க. இந்த ஊட்டுக்கு வந்துதான் எங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்குனீங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சேர்லதானுங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதிருக்குதுன்னு கேட்டாங்க. ‘எல்லாம் வழக்கமா எழுதறதுதான்’னீங்க.”

ரெபேக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். அவமானத்தில் காது எரிந்தது.

“கம்பி...?”

“டேவிட்சன் கடைசியா சுத்திட்டிருந்த கம்பிச்சுருளுங்க. அவன் சாமானோட குடுத்தனுப்புனாங்க. நாலு வருசம் வெச்சிருந்தேன். போன வருசம் அந்தாளு தொட்டி வெக்கணும்னு ஆள் தேடறான்னு கேள்விப்பட்டேன். நானா போய் நின்னேன். எம்பேரைக் கேட்டான், எந்த ஊருன்னு கேட்டான். நான் டேவிட்சனோட அண்ணன்னு அவனுக்குத் தெரியவே இல்லீங்க. தெரிஞ்சிருந்தா ஒருவேளை உட்டிருப்பேன்.”

“அறுபது நத்தை, பதினாலு இறால்... அதுகளைக் கொல்ல மனசு வந்துதா?”

கிளமென்ட்டின் கண்கள் நிறைந்தன.

“எல்லாத்தையும் எடுத்தா சந்தேகம் வருமுங்களே. புது லாட்டையாவது நிறுத்துனேன். இது எங்கையில தீனி எடுக்கும். இதை அங்க விட்டுப்போட்டு வர முடியலீங்க. அதுகளுக்காக சர்ச்சுல முட்டி போட்டு அழுதேன். அந்தாளுக்காக அழல. அழவும் மாட்டேன்.”

ஒரு கூட்ஸ் வண்டி வீட்டை அதிரவைத்துப் போனது. மாசாணம் தொண்டையைக் கனைத்தான்.

“மேடம்... கவனக்குறைவுன்னே எழுதிப்போடலாமுங்க. பாலுசாமி ஐயாவுக்கும் சந்தோசம். அந்த அம்மணியும் தப்பிக்கும். இவரும் தப்பிப்பாரு. செத்தவனுக்காக யாரும் அழலியேங்க!”

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ரெபேக்காவும்தான்.

அவள் போட்டோவைப் பார்த்தாள். நட்சத்திர மீனைப் பார்த்தாள்.

“அந்த வார்த்தையை ஒரு தடவை எழுதுனேன் மாசாணம். அன்னைக்கு உண்மையை எழுதியிருந்தா சசிதர் ஜெயில்ல இருந்திருப்பான், உசுரோட. இவரும் மீன் வளத்துட்டு இருந்திருப்பாரு. மறுபடி எழுத மாட்டேன். டேவிட்சன் ஃபைலையும் தொறக்கறேன். என் கையெழுத்துக்கு நானே பதில் சொல்லிக்கறேன்.”

“யாரை அரெஸ்ட் பண்ணுவீங்க மேடம்?” கிளமென்ட் கேட்டான். “செத்தவனையா?”

ரெபேக்கா மாசாணத்துக்குச் சைகை காட்டினாள்.

“கையை நீட்டுங்க கிளமென்ட்.”

நீட்டினான். மாசாணம் விலங்கைப் பூட்டினான்.

“நட்சத்திர மீனை அந்த அம்மணிகிட்டக் குடுத்துடுங்க. பழைய தண்ணி வேண்டாம், செம்பு இருக்கும். புதுசா உப்புக் கலக்கச் சொல்லுங்க. அவசரப்படாம ஒண்ணொண்ணா விடச் சொல்லுங்க” என்றான் கிளமென்ட்.

ஜீப்பில் ஏறியதும், என்ன தோன்றியதோ... கடகடவென்று சிரிக்க ஆரம்பித்தான்!

“எதுக்கு சிரிக்கறீங்க?”

“உங்களை நம்பித்தானுங்க மேடம் இவ்வளவு பெரிய பிளான் போட்டேன்! பீளமேட்டு ஸ்டேஷனுக்கு நீங்கதானே இன்ஸ்பெக்டர், நீங்கதான் வருவீங்க, வந்தா கவனக்குறைவுன்னுதான் எழுதுவீங்கன்னு. எது எப்ப வரும், எது எதைக் கடிக்கும், எது முன்னாடி சாகும்னு ஒண்ணு விடாம எழுதுனவன் நான்...”

சிரிப்பு நின்றது.

“போலீசு திருந்தும்னு மட்டும் லிஸ்ட்ல எழுத மறந்துபோட்டேனுங்க!”